அலரும் அச்சும்: தோட்டத்துத் தமிழரின் அந்தரங்கம் பற்றி ஓர் ஆராய்ச்சி

சிரம்பானிலிருந்து ரந்தாவ், சிலியாவ், லிங்கி வழியாகப் போர்ட்டிக்சன் கடற்கரை வரையிலும், மறுபுறம் கோலாப்பிலா, பகாவ், தம்பின் வரையிலும் முன்னாளில் ரப்பர் மரங்களும் இந்நாளில் செம்பனையும் சூழ்ந்து கிடக்கும் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்த தமிழர்களிடையே, கணவனும் மனைவியும் பிறர் காணக் கைகோத்து நடப்பது என்பது அண்மைக் காலம் வரை கேள்விப்படாத சங்கதியாகவே இருந்தது. சம்பள நாளன்று பட்டணத்துக்குப் போகும்போதும் அவன் நாலடி முன்னே நடப்பான். அவள் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பின்னே வருவாள். இதைக் கண்ட அந்நியர்கள் கீழைநாட்டாரின் சங்கோசம் என்று சொல்லிச் சிரித்தார்கள். நம்மவர்களோ தமிழ்ப் பண்பாடு என்று பெருமை பாராட்டினார்கள். இவ்விரண்டு அபிப்பிராயங்களிலும் பாதி உண்மைதான் உண்டு என்பதும், மற்றப் பாதியைத் தர்ம சாஸ்திரங்களில் அல்லாமல் தோட்டத்து லயங்களிலும் பத்திரிகைக் காரியாலயங்களிலும்தான் தேட வேண்டும் என்பதும் என் துணிபு.

பண்பாட்டைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் முதலில் சங்க இலக்கியத்துக்கு அல்லவா விடை சொல்ல வேண்டும்? தழுவலும் பிரிவும் ஊடலும் கூடலும் அங்கே ஒளிக்கப்படவில்லை. ஊரார் வாயில் எழும் அம்பலும் அலரும்கூடக் காதலின் ஓர் அங்கமாக, கவிதைக்கு உரிய துறையாகவே கொள்ளப்பட்டன. வள்ளுவர் 115ஆம் அதிகாரம் முழுவதையும் அலருக்கென்றே ஒதுக்கினார். ஊர்ப்பேச்சு காதலரைத் துன்புறுத்துவது மெய்யே எனினும், களவில் தொடங்கிய உறவைக் கற்பில் கொண்டுபோய்ச் சேர்க்கும் சக்தியும் அதற்கு உண்டு என்பதைப் பழந்தமிழர் அறிந்திருந்தார்கள். ஆனால் இத்தனை தாராளத்துக்கும் அவர்கள் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்கள்: காதலர் இன்னார் என்று பெயர் சுட்டலாகாது. பெயர் சொல்லிவிட்டால் அது அகம் ஆகாது. நெடுநல்வாடை முழுவதும் பிரிவாற்றாத ஓர் அரசியின் துயரமாக இருந்தும், அதில் வரும் வேம்பு பற்றிய ஒரு குறிப்பு பாண்டியனை அடையாளம் காட்டிவிடுகிறது என்ற காரணத்தால் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதனைப் புறத்தில் சேர்த்தார். ஒரு பூவின் குறிப்புக்கூட ஓர் அந்தரங்கத்தைப் பகிரங்கமாக்கிவிடும் என்று கருதிய இந்த நாசூக்கை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

கடல் கடந்து வந்த கூலி ஜனங்களின் வாழ்க்கையில் இந்த நாசூக்குக்கு இடம் இருக்கவில்லை. மலாயாவிலிருந்த இந்தியருள் 1911ஆம் ஆண்டில் ஆயிரம் ஆண்களுக்கு ஏறத்தாழ முந்நூறு பெண்களே இருந்தார்கள். 1931இலும் அத்தொகை ஐந்நூறை எட்டவில்லை. நாடு சுதந்திரம் பெற்ற 1957இல்தான் எழுநூறைத் தாண்டியது. குடும்பமின்றித் தனித்துச் செல்லும் ஆண்கள் ஐவருக்கு ஒருவர் என்ற விகிதத்தை மிகக் கூடாது என்று 1922ஆம் ஆண்டு இந்தியக் குடியேற்றச் சட்டத்தை ஒட்டி எழுந்த விதி கட்டளையிட்டிருந்தும், மலாயாவுக்கு அதிலிருந்து விலக்குப் பெற்றுக் கொள்ளத் தோட்ட முதலாளிகளால் முடிந்தது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் கப்பலுக்குக் காத்திருந்த நாள்களிலேயே ஒருவருக்கொருவர் துணையாகக் கொண்டு, புருஷன் பெண்சாதி என்று பெயர் கொடுத்துக் கப்பலேறியவர்கள் பலர். ஊர் பார்க்கவில்லை, ஜாதகம் பார்க்கவில்லை, பெற்றோர் கூடவில்லை. இருந்தும் அவற்றில் அநேக உறவுகள் ஆயுள் முழுவதும் நிலைத்தன. அவ்வாறு நிலைத்தவற்றை யாரும் எழுதி வைக்கவில்லை. நிலையாதவையே தஸ்தாவேஜுகளில் ஏறின.

லயத்தின் அமைப்பையும் கருத வேண்டும். பத்துப் பன்னிரண்டு அடி அறைகள் வரிசையாய் அமைந்த நீண்ட கட்டடம். கூரை வரை எட்டாத தடுப்புப் பலகை. அப்பால் இருமினால் இப்பால் கேட்கும். பொழுது விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். கங்காணியின் கண் நிரையில் இருக்கும். கணக்கெழுதும் கிராணியின் கண் பால் கொட்டகையில் இருக்கும். துரையின் கண் எங்கே இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கதவை மூடினாலும் தனிமை கிடைக்காத இவ்விடத்தில் தம்பதிகள் தமக்கென்று ஏதேனும் ஒன்றைக் காப்பாற்றிக் கொள்ள வேண்டுமானால், அதனை முகத்திலும் கையிலும் காட்டாமல் இருப்பது ஒன்றே உபாயம். ஆகவே தோட்டத்துத் தமிழரின் அடக்கம் என்பது பெரும்பாலும் சுவரில்லாத இடத்தில் அவர்கள் தாமே எழுப்பிக்கொண்ட சுவர் என்று நான் கருதுகிறேன். இதனைப் பழமை வாதம் என்று பரிகசிப்பவர்களும் சனாதனம் என்று பூஜிப்பவர்களும் ஒருசேரத் தவறுகிறார்கள்.

இனிப் பத்திரிகையின் பங்கைப் பார்ப்போம். பெண்கள் அருகியிருந்த தோட்டங்களில் ஒருவன் மனைவி மற்றொருவனோடு வேறு தோட்டத்துக்குப் போய்விடுவதும், அதன் விளைவாக வெட்டும் குத்தும் நிகழ்வதும் உண்மையே. பிறன் மனைவியை வசப்படுத்தி அழைத்துச் செல்வதைக் குற்றமாக்கிய 498ஆம் பிரிவு, இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து மலாயாச் சட்டத்துக்கும் வந்து சேர்ந்திருந்தது. இந்தப் பிரிவின்கீழ் வந்த வழக்குகளும், இதனின்றும் முற்றிய கொலை வழக்குகளும் அக்காலத்து ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு நல்ல தீனியாயின. தோட்டத்துப் பெண்ணைப் பற்றிச் செய்தி வர வேண்டுமானால் அவள் கொலையுண்டிருக்க வேண்டும், அல்லது ஓடிப் போயிருக்க வேண்டும் என்ற நிலைமை ஏற்பட்டது. மற்றபடி விடியுமுன் எழுந்து பால் வெட்டிய லட்சக்கணக்கான நாள்களில் அவள் செய்தியாகவில்லை. இவ்விதம் வெளிவந்த செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, கூலிப் பெண் என்றாலே ஒழுக்கம் தளர்ந்தவள் என்ற ஓர் அபவாதத்தை ஸ்தாபித்தன. அந்த அபவாதம் முதலாளிக்கு மிகவும் சௌகரியமானது: வீடு போதவில்லை, பெண்களை வரவழைக்கவில்லை, கூலி பற்றவில்லை என்ற குற்றங்களெல்லாம் அவளுடைய நடத்தைக்குள் மறைந்துபோயின. இத்துறையில் விரிவாக ஆராய்ந்து 2021இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வழியாக நூல் வெளியிட்ட அருணிமா தத்தா, கோர்ட்டுக் கூண்டில் நின்ற அப்பெண்கள் தம்மைப் பற்றிய இழிந்த சித்திரத்தையே சில வேளைகளில் சாதுரியமாகத் தமக்குச் சாதகமாக்கிக் கொண்டார்கள் என்றும் காட்டுகிறார். ஏமாளிகளாகவோ பரத்தைகளாகவோ மட்டுமே அவர்களைக் கண்டு பழகியவர்களுக்கு இது புதிய செய்தி. மனைவியைக் கணவனின் உடைமைபோலக் கருதிய அந்த 498ஆம் பிரிவை மலேசியாவின் கூட்டரசு நீதிமன்றம் அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தள்ளியது 2023 டிசம்பரில்தான்.

பத்திரிகை எழுதியதைவிட எழுதாமல் விட்டது பெரிது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில், கூலி உயர்வும் தமிழ்க் கல்வியும் கள்ளுக்கடை மூடலும் மட்டுமல்ல, துரைமாரைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழித்தலும், வெள்ளைத் துரைமாரும் அவர்களை அண்டிப் பிழைத்த உத்தியோகஸ்தர்களும் பெண் தொழிலாளரிடம் தகாத முறையில் நடந்துகொள்வதை நிறுத்துதலும் இடம்பெற்றிருந்தன. நிரையில் நிற்கும் பெண்ணின் கையைப் பிடித்தவன் உத்தியோகஸ்தனாக இருந்தால் அது வதந்தி. சக தொழிலாளியாக இருந்தால் அது விபசாரம். இந்தப் பாரபட்சத்தைத் தொழிலாளர்கள் செய்தித்தாள்களைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: அப்போராட்டத்துக்குத் தலைமை தாங்கி அவ்வாண்டே நாடு கடத்தப்பட்ட ஆர். எச். நாதன் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணியாற்றியவர். 1924இல் நரசிம்ம ஐயங்காரால் கோலாலம்பூரில் தொடங்கப்பட்டு 2019 வரை நடந்த அப்பத்திரிகையும், 1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தொடங்கிய 'தமிழ் முரசு'ம் தோட்டத்து மக்களைத் தூற்றுவதற்காக அல்லாமல் திருத்துவதற்காகவும் உயர்த்துவதற்காகவும் பேனா பிடித்தவை. பெரியார் 1929ஆம் ஆண்டின் இறுதியில் மலாயா வந்து போன பிறகு பரவிய சீர்திருத்தத் திருமணங்களுக்கு, இருவரும் சரிநிகராக மேடையில் அமர்ந்து மாலை மாற்றிக்கொள்ளும் அந்தக் காட்சிக்கு, இப்பத்திரிகைச் சூழல் துணை நின்றது. அதற்கு முன்னும் மணவறையில் கைப்பிடித்தல் இருந்தது. எனினும் அன்று ஒருநாள் சபையறியப் பிடித்த கையை மறுநாள் முதல் சபை காணப் பிடிக்கக் கூடாது என்பதே நம் விசித்திரமான சம்பிரதாயம்.

வெளியே காட்டாத அன்பு இல்லாத அன்பு ஆகிவிடாது. மனைவியின் பால் கத்தியைத் தீட்டி வைப்பவன், தன் மரங்களை முடித்துவிட்டு அவள் நிரைக்கு ஓடிப்போய் மங்குகளில் கிடக்கும் பாலை எடுத்து ஊற்றுபவன், அவள் வாளிகளையும் தன் தோள்தடியான காண்டாவில் மாட்டிக்கொண்டு மேடேறுபவன் ஆகியோரின் செய்கைகளைத் தோட்டத்தில் யாவரும் கண்டார்கள், யாவரும் புரிந்துகொண்டார்கள், அதற்கு அவர்கள் பெயர் வைக்கவில்லை, அவ்வளவே. பெயர் சொல்லிக் கூப்பிடாத மனைவி 'இந்தாங்க' என்று அழைக்கும் தொனியிலிருந்தே அன்றைய வீட்டு நிலவரத்தைப் பக்கத்து அறைக்காரி கண்டுகொள்வாள். மாரியம்மன் திருவிழாவிலும் தீமிதியிலும் இளைஞர் கண்கள் சந்தித்துக்கொள்வதைப் பெரியவர்கள் அறியாதவர்களல்லர். இரண்டு திருவிழாக்களுக்குப் பொறுத்து, மூன்றாவதற்குள் பரிசம் போட்டுவிடுவார்கள். ஆனால் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டும் இரவில் எம்.ஜி.ஆர். சரோஜாதேவியை மரத்தைச் சுற்றித் துரத்திப் பிடித்து அணைக்கும்போது, அதே பெரியவர்களும் பெண்களும் குழந்தைகளும் பாய்விரித்து அமர்ந்து ரசித்தார்கள். இதில் முரண்பாடு இருப்பதாக நான் நினைக்கவில்லை. திரையில் அணைத்துக்கொண்டவர்கள் அடுத்த லயத்துப் பிள்ளைகள் அல்லர். அவர்களால் எந்தத் தகப்பனுக்கும் தலைகுனிவு நேராது. சங்கப் புலவர்கள் பெயரை நீக்கிப் பெற்ற பாதுகாப்பை, தோட்டத்து ஜனங்கள் சினிமாவின் தூரத்தால் பெற்றார்கள்.

அந்தத் தூரத்தை அழிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவகைப் பத்திரிகையும் தமிழில் தோன்றிற்று. சென்னையில் 'சினிமா தூது', பின்னர் 'இந்துநேசன்' என்ற ஏடுகளில் நடிகர்களின் படுக்கையறை விஷயங்களைப் பிரசுரித்து வந்த லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் குத்துண்டு இறந்ததும், அந்த வழக்கில் நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் தண்டனை பெற்றுச் சிறையிலிருந்து, பிரிவி கவுன்சில் வரை வழக்குப் போய் 1947இல் விடுதலையானதும் தமிழுலகம் முழுவதும் பிரசித்தம். வினோதம் என்னவென்றால், அவதூறு எழுதியவன் மாண்டபின் அவனது கொலையே அதைவிடப் பெரிய பரபரப்பாயிற்று. அவனைச் சபித்த பத்திரிகைகளும் அவன் வழியைத்தான் பின்பற்றின. பெரிய தலைப்பு, சிறிய வாக்கியம், கொலை, கள்ளக்காதல் என்ற அம்முறை பிறகு நாளிதழ்களுக்கும் பரவியது. மலேசியத் தமிழ் ஏடுகளும் இதற்கு விலக்கல்ல. மொழியையும் பள்ளியையும் காப்பதில் அவை ஆற்றிய தொண்டு பெரிது. அதே தாளின் உள்பக்கத்தில் பெண்ணின் வயது, தோட்டத்தின் பெயர், ஓடிப்போன தேதி ஆகியவற்றை அச்சிட்டுவிட்டு, நானூறு பேர் வாழும் ஓர் இடத்தில் பெயரை மறைத்ததாக எண்ணிக்கொள்ளும் வழக்கமும் இருந்தது.

பத்திரிகையால் கிளம்பும் இத்தகைய பரபரப்புக்குத் தாய்நாட்டு உதாரணங்கள் மூன்று போதும். 2005ஆம் ஆண்டு சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டல் கேளிக்கையில் இளம் ஜோடிகள் முத்தமிட்ட படங்கள் பத்திரிகையில் வெளிவந்து கிளர்ச்சி உண்டாயிற்று. அதே ஆண்டு நடிகை குஷ்பு திருமணத்துக்கு முந்திய உறவு பற்றி ஒரு வார இதழுக்குச் சொன்ன அபிப்பிராயத்துக்காகத் தமிழ்நாட்டில் இருபதுக்கு மேற்பட்ட வழக்குகள் தொடரப்பட்டு, ஐந்தாண்டு அலைச்சலுக்குப் பின் 2010 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. மற்றொன்று கேரளத்தில் நடந்தது. 2014 அக்டோபரில் கோழிக்கோட்டு உணவகம் ஒன்றில் ஒழுக்கக்கேடு நடப்பதாக ஒரு மலையாளத் தொலைக்காட்சி படம் காட்டியது. உடனே ஒரு கூட்டம் சென்று அந்த உணவகத்தை அடித்து நொறுக்கியது. அதற்கு மறுமொழியாக நவம்பர் 2ஆம் தேதி கொச்சிக் கடற்கரைச் சாலையில் முத்தப் போராட்டம் அறிவிக்கப்பட்டு, முத்தமிட வந்த சிலரைக் காட்டிலும் வேடிக்கை பார்க்க வந்தவர் பன்மடங்கு திரண்டனர். செய்தி கூட்டத்தை உண்டாக்குகிறது, கூட்டம் செய்தியை உண்டாக்குகிறது. இடையில் அந்த உணவகத்தில் தேநீர் அருந்தியவர்களின் கதி என்னவென்று கேட்பாரில்லை. முத்தப் போராட்டக்காரர்களின் தைரியத்தை நான் மெச்சுகிறேன். ஆயினும் காமிராக்களுக்கு முன் அன்பு செய்வது அன்புக்கு உகந்த நிலைதானா என்ற சந்தேகம் எனக்கு நீங்கவில்லை.

மலேசியாவில் விஷயம் சட்டத்தோடு பின்னிக் கிடக்கிறது. முஸ்லிம்களுக்கு ஒவ்வொரு மாநிலத்திலும் ஷரியா குற்றவியல் சட்டமும், மணமாகாத இருவர் தனித்திருப்பதைத் தடுக்கும் கல்வத் விதியும் உண்டு. தமிழருள் பெரும்பாலோர் அவ்விதியின் எல்லைக்குப் புறம்பானவர்கள். எனினும் 2003இல் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரப் பூங்காவில் அணைத்து முத்தமிட்டதாக ஒரு சீன ஜோடியின்மீது 1981ஆம் ஆண்டு பூங்காத் துணைவிதிகளின்கீழ் வழக்குத் தொடரப்பட்டதும், மாநகராட்சிக்கு அந்த அதிகாரம் உண்டு என்று 2006இல் கூட்டரசு நீதிமன்றம் சொன்னதும், முஸ்லிமல்லாதாருக்கும் பொதுவிடத்தில் எல்லை உண்டு என்பதை உறுதிப்படுத்தின. போர்ட்டிக்சன் கடற்கரைக்கும் சிரம்பான் ஏரிப் பூங்காவுக்கும் செல்லும் தோட்டத்துப் பிள்ளைகள் இந்தத் தீர்ப்பைப் படித்திருக்க மாட்டார்கள். அதன் நிழலை அறிந்திருப்பார்கள். 2015இல் கோலாலம்பூர் மேடையொன்றில் கொரியப் பாடகர்கள் மலாய் ரசிகைகளை அணைத்த காணொளி பரவி, அப்பெண்களைச் சமய அதிகாரிகள் தேடும் அளவுக்குப் போனபோது, அணைத்தவர் விமானமேறிப் போய்விட, பழி முழுவதும் அணைக்கப்பட்ட சிறுமிகளின்மேல் விழுந்தது. இனம் வேறு, மதம் வேறு. தண்டிக்கப்படும் பக்கம் மட்டும் எங்கும் ஒன்றே.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நீலாயும் செண்டாயானும் பட்டணங்களாகி, லயத்து ஜனங்கள் தாமான் வீடுகளுக்குக் குடியேறிய பிறகு சுவர் என்னவோ கூரை வரை எழும்பிவிட்டது. ஆனால் அதே காலத்தில் கையில் கைப்பேசி வந்துவிட்டது. பழைய அலர் ஒரு தோட்டத்து எல்லைக்குள் நின்று, ஒரு கல்யாணத்தோடு ஓய்ந்தது. புதிய அலருக்கு எல்லையும் இல்லை, ஓய்வும் இல்லை. 2018இல் பத்துமலைத் தைப்பூசத்துக்கு ஒழுங்கற்ற உடையில் வரும் பெண்கள்மீது சாயம் தெளிப்போம் என்று பேஸ்புக்கில் ஒரு குழு கிளம்பியது. பக்தியின் பெயரால் தமிழ்ப் பெண்ணை அவமதிக்கத் தமிழ் வாலிபர்களே கிளம்பினார்கள் என்பது நம் கவனத்துக்குரியது. 2024 ஜூலையில் டிக்டாக்கில் தொடர்ந்து ஏச்சுக்கும் மிரட்டலுக்கும் ஆளான ஓர் இளம் தமிழ்ப் பெண் கோலாலம்பூரில் உயிர்நீத்தாள். ஏசியவர்களுள் ஒருவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் 100 ரிங்கிட். ஏனெனில் பொருத்தப்பட்ட சட்டம் 1955ஆம் ஆண்டின் சில்லறைக் குற்றச் சட்டம், அது அனுமதித்த உச்சவரம்பே அவ்வளவுதான். அதன்பின் எழுந்த கொந்தளிப்பால் இணையப் பகடிவதைக்குத் தண்டனைச் சட்டத்தில் தனிப்பிரிவுகள் சேர்க்கும் மசோதா அவ்வாண்டு டிசம்பரில் மக்களவையில் நிறைவேறியது.

பொதுவிடத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று கேட்பவர்களை நான் எதிரிகளாகக் கருதவில்லை. கோயில் வாசலிலும் பள்ளிக்கூடத் திடலிலும் இன்ன இன்னது தகும், தகாது என்று ஒரு சமூகம் தன்னிடையே பேசித் தீர்மானித்துக்கொள்ளலாம். அதற்குப் பாட்டியின் ஒரு முறைப்பே போதுமானது, அந்த முறைப்பை எந்தப் பத்திரிகையும் பிரசுரித்ததில்லை. நான் ஆட்சேபிப்பது வேறு. கைகோத்து நடந்த இருவரைப் பார்த்துவிட்டு முகம் சுளிப்பவன் தன் அபிப்பிராயத்தைத் தெரிவிக்கிறான். அவர்களைப் படமெடுத்துப் பரப்புபவனோ அவர்களுடைய வாழ்க்கையை எடுத்து விற்கிறான். முதலாமவனால் ஒரு மாலைப்பொழுது கெடும். இரண்டாமவனால் ஒரு பெண்ணின் படிப்பு நிற்கும், வேலை போகும், கல்யாணம் தடைப்படும். பண்பாட்டுக்குப் பங்கம் செய்தவர் யார் என்று தராசில் நிறுத்தினால் தட்டு இறங்கும் பக்கம் எதுவென்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆகவே மலேசியத் தமிழ்ப் பத்திராதிபர்களிடமும், கைப்பேசியையே பத்திரிகையாக்கிக்கொண்ட இளைஞர்களிடமும் ஒரு விண்ணப்பம். அதிகாரத்தைத் துஷ்பிரயோகம் செய்து ஒரு பெண்ணைத் தொட்டவன் மேலாளரானாலும் ஆசிரியரானாலும் சங்கத் தலைவரானாலும் அவன் பெயரை ஆதாரத்தோடு அச்சிடுங்கள். அது உங்கள் கடமை. இருவர் மனமொத்துப் பழகியதும், ஓடிப்போனதும், பிரிந்ததும் செய்தியாக வந்தே தீர வேண்டுமானால், பெயரையும் படத்தையும் தோட்டத்தின் பெயரையும் தகப்பன் பெயரையும் விட்டுவிடுங்கள். 2001ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் 15ஆம் பிரிவு, வழக்கில் சிக்கிய பதினெட்டு வயதுக்குட்பட்டவரை அடையாளம் காட்டக் கூடாது என்று பத்திரிகைகளைத் தடுத்து வைத்திருக்கிறது. பதினெட்டைத் தாண்டிய பெண்ணுக்கு அந்தப் பாதுகாப்பைத் தர எந்தச் சட்டமும் வர வேண்டியதில்லை. இன்று மாலை பக்கத்தை முடிக்குமுன் ஆசிரியரே தந்துவிடலாம்.